ஜெபம் செய்த பெட்டி

கல்யாண அறிவிப்பின் இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையத்தில் விடிந்ததிலிருந்தே தூறிக்கொண்டிருந்தது. சஞ்சீவி மலை பாதிக்கு மேல் மேகத்துக்குள் இருந்தது. ஆராதனை முடியும் நேரத்தில் போதகர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ராபர்ட் தேவகிருபை தம்பதியின் மகள் எலினாவுக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் கிளாட்வினுக்கும் நடக்கவிருக்கும் திருமணத்துக்கு யாருக்காவது ஆட்சேபனை உண்டா என்று கேட்டார். பின்வரிசையில் ஒரு கைக்குழந்தை அழுதது. வேறு ஆட்சேபனை இல்லை. அடுத்த ஞாயிறு மூன்றாம் ஓலையையும் வாசித்துவிட்டால் அந்த வாரமே கல்யாணம்.

வீட்டில் ஆட்டுக்கறி கொதித்துக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளையின் தாய்மாமன் ஞானதுரை மொபெட்டில் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தார். தலையைத் துவட்டிக்கொண்டு, இடியாப்பத்தைக் குழம்பில் முக்கி நிதானமாகச் சாப்பிட்டார். கறி பதமாக வெந்திருப்பதாகத் தேவகிருபையிடம் இரண்டு முறை சொன்னார். கை கழுவிய பிறகு நாற்காலியை ராபர்ட் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

"நாங்க எதுவும் கேக்கல சம்பந்தி. கேக்க வழக்கமே எங்க வீட்டுல கெடையாது."

ராபர்ட் நிமிர்ந்து உட்கார்ந்தார். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்தச் சத்தத்துக்குப் பிறகு குண்டு விழும் என்று அவருக்குத் தெரியும்.

"பீரோவுக்கும் கண்ணாடி மேசைக்கும் பதிலா கம்ப்யூட்டர் குடுக்கியளாமே. கிளாட்வின் தம்பி சொன்னான். குடுங்க, ஒங்க பிள்ளைக்கு ஒங்க இஷ்டம். ஆனா எங்கக்கா ஒண்ணு நெனைக்கா. கம்ப்யூட்டருன்னா அது ஒத்தையில உக்காந்து பாக்கது. வந்த பிள்ள செவத்தப் பாத்து, காதுல மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கும். நாலு பேரு வந்தா என்ன சொல்லுவாவ. இப்ப டிவியில மாட்டி விளையாடுத பெட்டி ஒண்ணு வருதாமே. அதுன்னா ஹால்ல வைக்கலாம், ரெண்டு பேரும் சேந்து உக்காரலாம். தம்பிக்கும் அதுல ஒரு ஆசை. காதுல போட்டு வைக்கேன், அம்புட்டுத்தான். நாங்க கேக்கல."

மீதமிருந்த கறியைத் தூக்குச்சட்டியில் வாங்கிக்கொண்டு அவர் போனார்.

அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த எலினா வெளியே வந்தாள். அவள் கிருஷ்ணன்கோவில் பல்கலைக்கழகத்தில் படித்தவள். நான்கு வருடமும் கல்லூரிப் பேருந்தின் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து போய்வந்தாள். இப்போது ஒரு நூல் மில்லின் சோதனைக்கூடத்தில் வேலை. வேலை முடிந்ததும் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் இசக்கிமுத்து வைத்திருக்கும் கம்ப்யூட்டர் கடைக்குப் போய், கடைசி மூலையில் இருக்கும் மெஷினில் உட்காருவாள். விளையாட்டுகளுக்குள் வைப்பதற்கான பொருட்களைச் செய்வாள். அடிபம்பு, நிழற்குடை, சரிந்த மின்கம்பம், ஓட்டு வீடு. எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தப் பக்கத்தின் வெயிலும் நிழலும் சரியாக விழ வேண்டும். கோயம்புத்தூரில் ஒரு சிறிய நிறுவனம் அவள் செய்த தெரு ஒன்றை வாங்கிக்கொண்டு, ஒரு முழு ஊரைச் செய்து தர முடியுமா என்று கேட்டிருந்தது. கடை மெஷினில் ஊர் கட்ட முடியாது. பாதித் தெருவிலேயே அது மூச்சு வாங்கும்.

வேலை முடிந்து கொஞ்ச நேரம் மிஞ்சினால் அதே மெஷினில் ஒரு விளையாட்டுக்குள் அவள் லாரி ஓட்டுவாள். மதுரையைத் தாண்டிப் போயிராத பெண், பனி கொட்டும் ஏதோ ஒரு வடக்கு நாட்டில், பைன் மரங்களுக்கு நடுவே, மரக்கட்டை ஏற்றிய லாரியை ஓட்டிக்கொண்டு போவாள். அந்தச் சாலைகளில் யாரும் அவளை எதுவும் கேட்பதில்லை.

"ரெண்டும் விளையாட்டுச் சாமான்தான?" என்றாள் தேவகிருபை. "ஒரே வீட்டுக்கு எதுக்குட்டி ரெண்டு? அவிய கேட்டத வாங்கிட்டா முடிஞ்சி போச்சி."

"கேக்கலன்னுதான சொன்னாரு."

"அப்படித்தாம்மா கேப்பாவ," என்றார் ராபர்ட்.

"ரெண்டும் ஒண்ணு இல்லம்மா. அந்தப் பெட்டி, கடையில விக்க பால்கோவா டப்பா மாதிரி. தெறந்து திங்கலாம், அம்புட்டுத்தான். கம்ப்யூட்டருங்கது அடுப்பும் சட்டியும். திங்கவும் செய்யலாம், நாமளே கிண்டவும் செய்யலாம்."

"அடுப்பும் சட்டியும் அங்க போனா தானா வரும். அதுக்கு ஒண்ணும் நீ கொண்டுபோக வேண்டாம்."

எலினாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அம்மா சிரிக்கவில்லை.

மறுநாள் மில்லில் மழை ஈரத்தால் நூல் அடிக்கடி அறுந்தது. சோதனைக்கூடத்தில் எலினாவின் வேலை, ஒவ்வொரு மெஷின் நூலையும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, எவ்வளவு இழுவையில் அறுகிறது என்று பார்த்து எழுதுவது. சாப்பாட்டு நேரத்தில் நூற்புப் பகுதியிலிருந்து முனீஸ்வரி வந்தாள். காலையிலிருந்து அறுந்த நூலைத் தேடித் தேடி ஒட்டியதில் அவள் கண் இமையெல்லாம் பஞ்சு. எலுமிச்சைச் சோற்றைப் பிரித்து வைத்துக்கொண்டு கதை முழுவதையும் கேட்டாள்.

"ஒனக்கு அந்தக் கம்ப்யூட்டர்ல அப்படி என்னக்கா இருக்கு?"

"நான் போட்டத நான் மட்டும் தெறக்கலாம். பாஸ்வேர்டு எங்கிட்ட இருக்கும்."

முனீஸ்வரி சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள்.

"எனக்கு அப்பா தேக்குல பீரோ செஞ்சி குடுத்தாரு. சாவி இன்னும் எங்கத்த இடுப்புலதான் கெடக்கு. ஒரு சேல எடுக்கணும்னாலும் 'அத்த, செத்த சாவி தாங்க'ன்னு போய் நிக்கணும். மொதநாளே கேட்டு வாங்கிருக்கணும். புதுசா போன எடத்துல என்னத்தக் கேக்கன்னு இருந்துட்டேன். இப்பக் கேட்டா, இத்தன நாளு இல்லாம இப்ப என்னம்பாவ." ஊறுகாயை எலினாவின் இலையில் வைத்தாள். "நீ விட்டுராத."

செவ்வாய்க்கிழமை எலினாவுக்கு வார விடுமுறை. இசக்கிமுத்து கடையில் எட்டிப் பார்த்துவிட்டு, கிளாட்வினைப் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் பிடிக்கலாம் என்று கிளம்பினாள். அவளுக்கான மெஷின் அங்கே பாதி உருவாகியிருந்தது. ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த கறுப்புப் பெட்டி. உள்ளே மதர்போர்டு மட்டும் திருகியிருந்தது.

"எங்கிட்ட ரெண்டும் இருக்கு, எது வேணும்னாலும் குடுப்பேன்," என்றான் இசக்கிமுத்து. "டிவிப் பெட்டின்னா வயர் குத்தி உக்காந்திரலாம், ஒரு நோக்காடும் இல்ல. இது அப்படி இல்ல. மில்லுல இருந்து வருத ஆளு நீ, ஒன் சேலத் தூசியே போதும், மாசம் ஒருக்க காத்தாடியக் கழட்டித் தொடைக்கணும். கரண்டு ஏறி எறங்குனா தனியா பேட்டரி வேணும். ஆனா அஞ்சு வருசம் கழிச்சி ஒரு பாகம் பழசாச்சின்னா அத மட்டும் மாத்திக்கிடலாம். டிவிப் பெட்டியில ஒண்ணையும் மாத்த முடியாது. பொறவு இன்னொண்ணு. சீர் வண்டியில அந்த வெள்ளப் பெட்டிய வச்சா, பாக்குதவ தண்ணி சுத்தம் பண்ணுத மெஷின்னு நெனைப்பா. இதுல வெளக்கு எரியும். எடுப்பா இருக்கும்."

"எனக்கு எடுப்பா இருக்க வேண்டாம் அண்ணாச்சி. ஓடுனாப் போதும்."

பஸ் ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் நுழைந்தபோது மழை வெறித்திருந்தது. கிளாட்வின் இருசக்கர வாகன சர்வீஸ் சென்டரில் வேலை செய்கிறான். தேரடிப் பக்கம் ஒரு பால்கடையில் காத்திருந்தான். நகக்கண்ணில் கிரீஸ் இருந்ததால் கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டான். சூடான பால்கோவா இலையில் வந்தது.

"மாமா வந்து சொன்னது, நீங்க சொல்லச் சொன்னதா?" என்று நேராகக் கேட்டாள்.

கிளாட்வின் இலையைப் பார்த்தபடியே சொன்னான். "நான்தான் அம்மாட்ட சொன்னேன். கேளுங்கன்னு சொல்லல. இருந்தா நல்லாருக்கும்னு சொன்னேன்."

"எங்க வீட்டுல அதுக்குப் பேரு கேக்கது."

"சனிக்கிழமையானா கூட்டாளி வீட்டுல ஃபுட்பால் விளையாடப் போவேன். அவன்ட்ட அந்தப் பெட்டி இருக்கு. அம்மாவுக்கு அது பிடிக்காது. வீட்டுலயே இருந்தா நான் வெளிய போக மாட்டேன்னு அம்மா கணக்கு. எனக்கும் ஒங்ககூட உக்காந்து விளையாடலாம்னு..."

அவன் பொய் சொல்லாதது அவளுக்குப் பிடித்திருந்தது. அதனால் அவளும் நேராகவே சொன்னாள்.

"ஃபுட்பாலு கம்ப்யூட்டர்லயும் விளையாடலாம். விளையாடுத கைப்பிடிய இதுலயும் சொருகலாம். ஆனா அந்தப் பெட்டியில என் வேலையச் செய்ய முடியாது. ரெண்டுல ஒண்ணுதான் வரும். அது கம்ப்யூட்டர். என் ரூம்ல, என் மேசையில இருக்கும். ஒங்களுக்கு விளையாடணும்னா வந்து உக்காருங்க. நான் எந்திரிக்கேன், இல்ல பக்கத்துல உக்காந்து பாக்கேன். இது சரியா வரும்னா சொல்லுங்க."

"சரிதான்," என்றான். "அம்மாட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

திரும்பி வரும்போது வன்னியம்பட்டி விலக்கைத் தாண்டியதும் வயல்களில் தண்ணீர் வெள்ளித் தகடு போல நின்றது. கோயம்புத்தூர் நிறுவனம் கேட்ட ஊரைச் செய்யும்போது இந்த வெளிச்சத்தை எப்படிக் கொண்டுவருவது என்று அவள் யோசித்துக்கொண்டே வந்தாள்.

வீட்டு ஹாலில், சபையில் போதகருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் தங்கச்சாமி காபி குடித்துக்கொண்டிருந்தார். மேசை மேல் ஒரு பெரிய அட்டைப்பெட்டி. அதைச் சுற்றிச் சம்மங்கிச் சரம். மேலே தங்க எழுத்தில் 'கிளாட்வின் – எலினா' என்று ஒட்டியிருந்தது. பெட்டியின் பக்கவாட்டில் இருந்த படத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் பஸ் ஏறிய பிறகு ராபர்ட் இசக்கிமுத்து கடைக்குப் போய்க் கம்ப்யூட்டருக்குப் பதிலாக அந்த டிவிப் பெட்டியை வாங்கி வந்திருந்தார். சீர்ப் பொருள் எது வீட்டுக்குள் வந்தாலும், உபதேசியாரைக் கூப்பிட்டு அதன் மேல் கை வைத்து ஜெபம் பண்ணுவது தேவகிருபையின் வழக்கம். கட்டிலுக்கும் கிரைண்டருக்கும் அப்படித்தான் நடந்திருந்தது. இதற்கும் நடந்துவிட்டது.

"எப்பா, இது கடைக்குத் திரும்பிப் போகணும்," என்றாள்.

"ஜெபம் பண்ணுன பொருள எப்படிட்டி திருப்பிக் குடுப்ப?" தேவகிருபை பெட்டிக்கு முன்னால் வந்து நின்றாள். "ஆண்டவர் முன்னால வச்சத எடுத்துட்டுப் போயி கடையில கொட்டவா? நல்ல காரியம் நடக்கப்போற வீடு."

எலினா உபதேசியார் பக்கம் திரும்பினாள். "ஐயா, என்ன சொல்லி ஜெபம் பண்ணுனீங்க?"

தங்கச்சாமி காபி டம்ளரைக் கீழே வைத்தார். "பிள்ளைக ரெண்டும் ஒருமனமா இருந்து இத அனுபவிக்கணும்னு."

"நான் இத வேண்டாம்னு சொல்லுதேன். ஸ்ரீவில்லிபுத்தூர் போயி அவியட்டயும் சொல்லிட்டுத்தான் வாரேன். ஒருமனம் வேற எடத்துலதான் இருக்கு."

"எனக்கு உள்ள என்ன இருக்குன்னே தெரியாதும்மா," என்றார் அவர். "மிக்ஸியாக்கும்னு நெனச்சேன்."

ராபர்ட் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டிருந்தார். முதுகு பட்டாளத்துக்காரனைப் போலத்தான் இருந்தது, குரல்தான் அப்படி இல்லை. "ஒனக்காகத்தாம்மா வாங்குனேன். மூணாவது ஓலை வாசிக்கையில அங்கிட்டு எவனும் எந்திரிச்சிரக் கூடாது. ரெண்டு ஓலை வாசிச்சி நின்னுபோன கல்யாணத்த நான் பாத்திருக்கேன். அந்தப் பிள்ளைய ஊரு என்ன பாடு படுத்திச்சின்னும் பாத்திருக்கேன்."

"மூணாவது ஓலையில நானே எந்திரிச்சா என்ன செய்வீங்க?"

உபதேசியார் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

"எந்திரிப்பேன்னு சொல்லல. எனக்கு அவியளப் பிடிச்சிருக்கு," என்றாள் எலினா. குரல் உயரவில்லை. "ஆனா அந்த வீட்டுக்குள்ள நான் எப்படிப் போறனோ அப்படித்தான் பொறவும் இருப்பேன். இந்தப் பெட்டியோட போனா, எப்பவும் இன்னொருத்தரக் கேட்டுத்தான் உக்காருவேன். இவரு ஜெபம் பண்ணுனது எனக்காகத்தானம்மா? நான்தான் இங்க நிக்கேனே. அந்த ஜெபம் எங்கயும் போகாது. அட்டப்பெட்டிதான் போகுது."

தேவகிருபை உபதேசியாரைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டியது ஆமாம் என்பதற்கா, கிளம்புகிறேன் என்பதற்கா என்று தெரியவில்லை. அவள் சம்மங்கிச் சரத்தைத் தானே அவிழ்த்தாள். தூரப் போட மனமில்லாமல் மகளின் தலையில் வைத்தாள். "என்னமும் செய். ஒம் பிடிவாதம் ஒங்கப்பன் வழி," என்றாள்.

ராபர்ட் ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். எலினா பின்னால் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். வேகத்தடைகளில் அவர் வழக்கத்தைவிட மெதுவாக ஏறி இறங்கினார்.

இசக்கிமுத்து நடந்ததைக் கேட்டுவிட்டுப் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "ஜெபம் பண்ணிட்டியளாமே. நான் வேற ஆளுக்கு எப்படி விப்பேன்?"

"சீல் பிரிக்கலல்லா."

"சீல் பிரிக்கல," என்று ஒப்புக்கொண்டான். நகத்தால் தங்க எழுத்தைச் சுரண்ட ஆரம்பித்தான். "ஜெபத்த எடுக்க என்னால முடியாது. ஸ்டிக்கர எடுக்கேன். வாங்குதவனுக்கு ஜெபம் சும்மா கெடச்ச மாதிரி இருக்கட்டும்."

பாதியில் நின்றிருந்த கறுப்புப் பெட்டியை அவன் மறுபடி மேசைக்கு இழுத்தான்.

மூன்றாம் ஓலை வாசித்தபோது யாரும் எழுந்திருக்கவில்லை. மறுநாள் சீர் வண்டி கிளம்பியது. கட்டில், மெத்தை, கிரைண்டர், பாத்திரங்கள் என்று எல்லாவற்றையும் சின்ன லாரியில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினார்கள். கம்ப்யூட்டரை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. கயிறு போட்டால் கண்ணாடி உடையும். சும்மா விட்டால் உள்ளே இருக்கும் கனமான கிராபிக்ஸ் கார்டு குலுங்கிப் பெயர்ந்துவிடும் என்று இசக்கிமுத்து எச்சரித்திருந்தான்.

"நான் மடியில வச்சிக்கிட்டு வாரேன்," என்றாள் எலினா.

"தாலி கட்டுமுன்ன பொண்ணு அந்த வாசலுக்குப் போறதா?" தேவகிருபை நெஞ்சில் கை வைத்தாள். "எந்த ஊருல நடக்கும் இது?"

"வாசல்ல எறக்கிக் குடுத்துட்டு வந்திருதேம்மா. வேற யாருக்கு இதப் பிடிக்கத் தெரியும்?"

டிரைவருக்குப் பக்கத்தில் ராபர்ட்டும், அவருக்கு அந்தப் பக்கம் மடியில் கறுப்புப் பெட்டியை அணைத்துக்கொண்டு எலினாவும் உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் காலை ஊன்றிப் பெட்டியைச் சற்றுத் தூக்கிப் பிடித்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் வருவதற்குள் தொடை மரத்துப்போனது.

சீர் இறங்குவதைப் பார்க்கத் தெருப் பெண்கள் கூடியிருந்தார்கள். மெத்தையை அழுத்திப் பார்த்தார்கள். கிரைண்டரின் கல்லைத் தட்டிப் பார்த்தார்கள். கல்யாணப் பெண்ணே வண்டியிலிருந்து இறங்கியதும் எல்லாரும் கிரைண்டரை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார்கள். வாசலில் மாப்பிள்ளையின் அம்மா ரத்தினபாய் நின்றாள். உயரமான பெண். நரைத்த தலையை இறுக்கிக் கொண்டை போட்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் திறந்த கதவு வழியாக ஹால் தெரிந்தது. டிவிக்குக் கீழே இருந்த தட்டைக் காலி செய்து, துடைத்து, பூ வேலை செய்த துணி விரித்து வைத்திருந்தார்கள். அதன் பக்கத்தில் நின்ற கிளாட்வின் எலினாவைப் பார்த்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

அவன் சொல்லவில்லை என்று எலினாவுக்குத் தெரிந்துவிட்டது.

"அந்தப் பெட்டி எங்க?" என்றாள் ரத்தினபாய், வண்டிக்குள் பார்த்தபடி.

"அது வரல அத்தை," என்றாள் எலினா. "வாங்கினோம். நான்தான் திருப்பிக் குடுத்துட்டேன். இதுதான் வந்திருக்கு."

தெருப் பெண்களில் ஒருத்தி மற்றவளின் கையைக் கிள்ளினாள். ராபர்ட் அவசரமாக முன்னால் வந்தார். "இது வேலைக்கு, சம்பந்தி. கோயம்புத்தூர்ல இருந்து ஆர்டரு வந்திருக்கு. சம்பாதிக்கப் போறா. விளையாட்டெல்லாம் ஒண்ணும் கெடையாது."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டால் எல்லாம் சுலபமாக முடிந்துவிடும். எல்லாருடைய முகமும் அதற்காகக் காத்திருந்தது. எலினாவின் கைகள் கனத்தில் நடுங்க ஆரம்பித்திருந்தன.

"விளையாடவும் செய்வேன் அத்தை," என்றாள். "வேலையும் பாப்பேன், விளையாடவும் செய்வேன். லாரி ஓட்டுவேன். அவியளுக்கு ஃபுட்பாலு விளையாடணும்னா இதுலயே வந்து உக்காரலாம், வெளிய போக வேண்டாம். இத ஹால்ல வைக்க வேண்டாம். எனக்கு ஜன்னல் பக்கம் ஒரு மேசை வேணும்."

ரத்தினபாய் அவளை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். பிறகு அவள் கைகளைப் பார்த்தாள்.

"கை நடுங்குது. கீழ வை."

"மேசை வந்தா வைக்கேன்."

தெருவில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். ரத்தினபாய் திரும்பி மகனைப் பார்த்தாள். "ஏலே, ஒனக்கு இது முன்னமே தெரியுமா?"

"தெரியும்மா," என்றான் கிளாட்வின். "சரின்னு சொன்னேன். ஒங்ககிட்ட சொல்லத்தான் பயமா இருந்திச்சி."

"அந்தப் பிள்ள பயமில்லாமத் தெருவுல நின்னு சொல்லுது. ஒனக்கு வீட்டுக்குள்ள இருந்து சொல்ல முடியல." அவள் டிவி பக்கம் போய், விரித்திருந்த துணியை உருவி மடித்தாள். "நிக்கியே. உள் ரூம்ல துணி தேய்க்குத மேசை கெடக்குல்லா, அதத் தூக்கி ஜன்னலுக்குப் போடு. மேல கெடக்கதெல்லாம் எங் கட்டில்ல போடு."

கிளாட்வின் உள்ளே ஓடினான். மேசைக் கால்கள் தரையில் தேய்கிற சத்தம் கேட்டது.

ரத்தினபாய் படியிறங்கி வந்தாள். சேலை முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு, பெட்டியின் ஒரு பக்கத்துக்கு அடியில் கையைக் கொடுத்தாள். பாதிக் கனம் எலினாவின் கையைவிட்டு இறங்கியது.

"தாலி கட்டுமுன்ன நான் உள்ள வரக் கூடாதுன்னு அம்மா சொன்னாவ," என்றாள் எலினா மெதுவாக.

"வெளிய நின்னுக்கிட்டு இத எப்படிக் கொண்டுபோய் வைப்ப? ஏறு." ரத்தினபாய் பின்பக்கமாகப் படியில் கால் வைத்தாள். "கண்ணாடி எந்தப் பக்கம்?"

"ஒங்க பக்கம் அத்தை. மெதுவா."